சாம்பல் பற்றி ஒரு வரி

ரவ்சோர்
செப்டம்பர் 18

அன்புள்ள அண்ணன் அக்னசாருக்குத் தங்கை சவ்சான் எழுதுவது. யா அலி மதத்.

நானும் உன் மாப்பிள்ளை குல்மமத்தும் மகள் நிகினாவும் சுகம். பசுவும் சுகம். போன மாதம் ஈன்ற கன்றுதான் இன்னும் காலை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. துஷான்பேயில் நீ எப்படி இருக்கிறாய்? கண்வலி தேவலையா? பனிச்சரிவு போன் கோபுரத்தை அடித்துக்கொண்டு போனதிலிருந்து இங்கே தபால், தந்தி எல்லாம் ஜுமாகானின் ஜீப்தான். பதிலை அவன் கையிலேயே கொடுத்தனுப்பு.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஊற்று இந்த வருடமும் வற்றிவிட்டது. நீ வருடாவருடம் கம்பு நட்டு அளந்த பனியாறு இப்போது நம் வாசலிலிருந்து கண்ணில் படுவதில்லை, மலையின் தோளுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டது. அதன் தண்ணீர் வயலுக்கு வந்து சேர ஜூலை ஆகிவிடுகிறது. மே, ஜூன் இரண்டு மாதமும் பார்லி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்தார்கள். அடுத்த கோடையும் விளையவில்லை என்றால் கீழ்த்தெரு வீடுகளைச் சமவெளிக்கு மாற்றிவிடுவார்களாம். பருத்தி வயல் பக்கம் வீடு கொடுப்பார்களாம். "பருத்திய எந்த மாவுல கலந்து ரொட்டி சுடறதுங்க?" என்று உன் மாப்பிள்ளை கேட்டார். அவர்கள் சிரிக்கவில்லை. அப்பாவின் அண்ணன்களை அந்தக் காலத்தில் இப்படித்தான் லாரியில் ஏற்றினார்கள். அந்த வெயிலில் முதல் கோடையைத் தாண்டியவர் ஒருவர்தான். நம் வீடும் கீழ்த்தெருவில் இருக்கிறது, அண்ணா.

இப்போது கோபப்படாமல் படி. ஹிம்மத்ஷோ வந்திருக்கிறான். ஆமாம், அலுவலகத்தில் உனக்கு உதவியாளனாக இருந்தவன். குளிர்காலத்தில் வீணாக ஓடும் தண்ணீரைக் குழாயில் இறக்கி, மேலே பீய்ச்சி, உறையவைத்துக் கோபுரமாக எழுப்பலாம், மே பிறந்ததும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஜூன் கடைசிவரை வயலுக்குப் பாயும் என்கிறான். இது உன் யோசனை என்று ஊர்க்கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தான். இடம், அப்பாவின் ஆப்ரிகாட் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் நிழல் சரிவு. பாதி உன் பங்கு. சம்மதம் சொல்வாயா? எப்படிச் செய்யவேண்டும் என்று நீயும் நாலு வார்த்தை எழுதுவாயா?

உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்ளும்,
சவ்சான்


துஷான்பே
அக்டோபர் 9

அன்புத் தங்கை சவ்சானுக்கு, மௌலா அலி மதத்.

கண் அப்படியேதான் இருக்கிறது. வேலையும் அப்படியேதான். ஆறுகளையும் பனியையும் அளந்தவன் இப்போது தண்ணீர்க் கம்பெனியில் பாட்டில் மூடிகளை எண்ணுகிறேன். மாப்பிள்ளையையும் நிகினாவையும் விசாரித்ததாகச் சொல். கன்று விழுந்து எழட்டும், பிடிக்காதீர்கள்.

எங்கள் அலுவலகத்தில் நடந்த அந்தக் கூட்டம் உனக்குத் தெரியாது. கோபுரத்தின் படத்தை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு நான் பேசுகிறேன். இருபது வருடம் கழித்து பனியாறு எங்கே நிற்கும், அதற்குள் நாம் என்ன கட்டவேண்டும் என்று சொல்கிறேன். தலைவர் படத்தைத் தலைகீழாகத் திருப்பி, ஐஸ்கிரீம் கூம்பைப்போலப் பிடித்துப் பார்த்தார். "அக்னசார், மேல ஒரு செர்ரிப் பழமும் வெச்சுக் குடுப்பியா?" மேஜை முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில் ஹிம்மத்ஷோ. அவனும் சிரித்தான். சத்தம் வராமல் சிரித்தான், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த வசந்தத்தில் ஆட்குறைப்பு என்று என்னை வெளியே அனுப்பினார்கள். அவன் இருந்துகொண்டான்.

என் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கல்லைத் தவிர என்ன விளைந்தது?

குழாயை முழங்கால் ஆழத்துக்குப் புதைக்கச் சொல். தண்ணீரை நிறுத்தினால் குழாயை உடனே வடிக்கவேண்டும், இல்லாவிட்டால் விடிவதற்குள் வெடித்துவிடும். உள்ளே பாப்ளர் கிளைகளை நட்டு அதன்மேல் பீய்ச்சட்டும். கூம்பாக எழவேண்டும். தட்டையாகப் பரவினால் வெயில் படும் இடம் கூடி, சீக்கிரம் போய்விடும்.

பனியைப் பற்றி எனக்கு இவர்கள் யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. அம்மா மார்ச் மாதத்தில் அடுப்புச் சாம்பலைக் கூடையில் அள்ளிப்போய் வயல் பனிமேல் தூவுவாளே, நினைவிருக்கிறதா? வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், கறுத்த பனி குடித்துக் கரையும். அதை அளந்து எழுதித்தான் நான் பட்டம் வாங்கினேன். பரீட்சை நடத்தியவர்களுக்கு அது புதுச் செய்தி. நம் ஊரில் அது பெண்களின் மார்ச் மாத வேலை.

குழாய் விஷயம் நான் சொன்னது என்று அவனிடம் சொல். சொல்லாமல் விட்டுவிடாதே.

அண்ணன்,
அக்னசார்


ரவ்சோர்
டிசம்பர் 16

அன்புள்ள அண்ணனுக்கு, யா அலி மதத்.

எல்லோரும் சுகம். குளிர் போதும் போதும் என்கிறது. ஆனால் முதல்முறையாக, இன்னும் குளிரட்டும் என்று ஊரே வேண்டிக்கொண்டிருக்கிறது. உன் கண்ணுக்கு மருந்து போடுகிறாயா? நீ தனியாக இருப்பவன், யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள் என்பதால் நான் நினைவுபடுத்துகிறேன்.

கோபுரம் வளர்கிறது! நீ சொன்ன ஆழத்தில்தான் குழாய் போட்டார்கள். ஒரு இடத்தில் பாறை வந்ததால் ஆழம் குறைந்துவிட்டது. சொல்லிவைத்ததுபோல அந்த இடத்திலேயே குழாய் உறைந்தது. பக்கத்து வீட்டு குல்பேகிமை உனக்குத் தெரியுமே, அவள் வாய் சும்மா இருக்குமா?

"என்ன ஐஸ்காரத் தம்பி, குழாய்க்கு ஜலதோஷமா?"

"சிரிக்காதீங்கக்கா, ஒரு கெட்டில் வெந்நீர் குடுங்க."

"வெந்நீர் ஊத்தி ஐஸ் செய்யறவன இப்பத்தான்டா பாக்குறேன்!"

ஹிம்மத்ஷோ நம் வைக்கோல் கொட்டகையில்தான் படுக்கிறான். வீட்டுக்குள் வா என்றால் வருவதில்லை, குழாய்ச் சத்தம் காதில் விழவேண்டுமாம். காலையில் உப்புப்போட்ட ஷிர்சாய்த் தேநீர் கொடுத்தால், புருவத்தில் பனியோடு உட்கார்ந்து, உப்பு போதாது என்கிறான். உன் மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். "மச்சான்கிட்ட வேலை பாத்தவன் வேற எப்படி இருப்பான்? எதுலயும் ஒரு குறை கண்டுபிடிப்பான்" என்கிறார்.

நீ வரைந்த படத்தைத்தான் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறான். "இதுல அண்ணன் எழுத்தக்கூட நான் மாத்தல, அக்கா" என்று காட்டினான். நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். தலையை ஆட்டினான். வேறென்ன சொல்வான் பாவம்.

பிரியத்துடன்,
சவ்சான்


துஷான்பே
ஜனவரி 20

தங்கை சவ்சானுக்கு, மௌலா அலி மதத். நான் சுகம்.

செய்தித்தாளில் படம் பார்த்தேன். கம்பெனியில் அதை விரித்து அதன்மேல்தான் ரொட்டி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தொப்பியும் சிரிப்புமாக ஹிம்மத்ஷோ, பின்னால் என் கோபுரம். "மலையில் பனியை விதைத்த இளைஞர்." இளைஞனாம்! நாற்பதைத் தாண்டியவன். கீழே முழுக் கட்டுரை. பருவநிலை மாறுவதற்கு மலைமக்கள் ஈடுகொடுக்கும் வழி, வெளிநாட்டார் பாராட்டு, மந்திரி வரப்போகிறார், எல்லாம் இருக்கிறது. என் பெயர் ஒரு வரியில்கூட இல்லை.

உறையில் போட்டு வைத்திருக்கிறானாம் படத்தை. திருடிய பொருளைப் பத்திரமாகத்தான் வைப்பார்கள்.

இனி அவனைப் பற்றி எனக்கு எழுதாதே. கன்றைப் பற்றி எழுது. நிகினாவின் படிப்பைப் பற்றி எழுது. அந்த மனிதன் உப்பு கேட்டான், வெந்நீர் கேட்டான் என்பதையெல்லாம் நான் ஏன் படிக்கவேண்டும்?

அக்னசார்


ரவ்சோர்
மார்ச் 23

அன்புள்ள அண்ணனுக்கு, யா அலி மதத். நவ்ரூஸ் புத்தாண்டு வாழ்த்து.

வீட்டைக் கழுவித் துடைத்து, ஐந்து தூணிலும் மாவால் பூப்போட்டோம். உன் பெயரைச் சொல்லி ஒரு பூ போடச் சொன்னேன் நிகினாவிடம். அவள் பாட்டில் மூடி மாதிரி ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள், கோபித்துக்கொள்ளாதே. கன்று இப்போது ஓடுகிறது. உன் கண்?

நீ எழுத வேண்டாம் என்றவனைப் பற்றி எழுதவில்லை. பெயர் சொல்லாமல் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அந்த ஒருவர், செய்தித்தாள்காரர்களிடம் உன் பெயரை மூன்று தடவை சொன்னாராம். அவர்கள் குறித்துக்கொண்டு போனார்களாம், போடவில்லை. பிறகு கோரோக் நகரத்துக்குப் போய்த் திருத்தம் போடச் சொல்லியும் கேட்டாராம். "நீ ஏன்யா உன் பேரை நீயே அழிக்கிறே?" என்று அனுப்பிவிட்டார்களாம். அன்றைக்கு அலுவலகத்தில் சிரித்தது பற்றியும் நானே கேட்டுவிட்டேன். "பயத்துல சிரிச்சேன், அக்கா. அண்ணன் பக்கத்துல உக்காந்திருந்தேன்ல, என்னையும் சேத்துச் சிரிப்பாங்களோன்னு இருந்துச்சு" என்றார்.

கோபுரம் பள்ளிக்கூடத்தைவிட உயரம். உச்சி காற்றில் சாய்ந்து உறைந்து, தொப்பியைத் திருப்பிப் போட்ட கிழவன் மாதிரி நிற்கிறது. உலர்ந்த மல்பெரி ஒரு பை அனுப்பியிருக்கிறேன். நீயும் சாப்பிடு.

சவ்சான்


ரவ்சோர்
ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணனுக்கு, யா அலி மதத். நாங்கள் சுகம், உன் சுகத்தை அறிய ஆவல். மல்பெரி வந்து சேர்ந்ததா?

அவசரமாக எழுதுகிறேன். ஜுமாகான் வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருக்கிறான்.

இந்த வருடம் குளிர் போகவே மாட்டேன் என்கிறது. வயல் பனிமேல் வழக்கம்போல் சாம்பல் தூவிவிட்டோம், மண் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஆனால் கோபுரம் கல்லு மாதிரி நிற்கிறது. ஒரு சொட்டு இல்லை. விதைக்கும் நேரத்துக்கு இது தண்ணீர் விடுமா விடாதா என்று எல்லோருக்கும் பயம் பிடித்துவிட்டது. கோபுரத்துக்கும் சாம்பல் தூவினால் என்ன என்கிறார்கள் பெண்கள். கூடைகளை நிரப்பி வைத்தாயிற்று.

ஹிம்மத்ஷோ கூடாது என்கிறான். அது தானாக மே மாதம் சொட்டும், அதைத் தொடவே கூடாதாம். அவன் கோரோக்கில் வளர்ந்தவன், ஒரு வயலும் விதைத்ததில்லை. அவன் பேச்சை யார் கேட்பார்கள்? "உங்க அண்ணன் என்ன சொல்றான்னு கேளு சவ்சான், அவன் சொன்னா சரி" என்கிறார்கள். நீ சாம்பலையே படித்துப் பட்டம் வாங்கியவன் அல்லவா.

எனக்குத் தெரியவில்லை, அண்ணா. தூவலாமா, கூடாதா? நீ கூடாது என்றால் கூடையை நானே பிடுங்கிக் கொட்டிவிடுவேன். இந்தக் கோடை போனால் நமக்கு ஊர் இல்லை. நீண்ட கடிதம் வேண்டாம், ஒரு வரி போதும். ஜுமாகான் வியாழக்கிழமை துஷான்பேயிலிருந்து திரும்புகிறான். அவனிடம் கொடு.

சவ்சான்


ரவ்சோர்
ஏப்ரல் 25

அண்ணனுக்கு, யா அலி மதத்.

உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஜுமாகான் வெறுங்கையோடு வந்தான். அடுத்த வாரமும் வெறுங்கைதான். வழியில் தொலைத்துவிட்டானோ என்று சத்தம் போட்டேன். "அக்கா, சத்தியமா அவர் கையிலதான் குடுத்தேன். நின்னுக்கிட்டே படிச்சார். ரெண்டு தடவை படிச்சார். மடிச்சு சட்டைப்பைல வெச்சுக்கிட்டு, ரோடு எப்படி இருக்குன்னு என்னைக் கேட்டார். பதில் எங்கண்ணேன்னேன். அப்புறம்னார்" என்கிறான்.

பெண்களை இன்னும் எத்தனை நாள் நிறுத்திவைப்பேன் என்று தெரியவில்லை.

சவ்சான்


துஷான்பே
மே 22

அன்புத் தங்கை சவ்சானுக்கு, மௌலா அலி மதத்.

நான் சுகம். மாப்பிள்ளையும் நிகினாவும் சுகமா? பசு, கன்று? மல்பெரி வந்தது, இனிப்பு அதிகம். இடையில் எழுத முடியவில்லை. கண் மோசமாகிவிட்டது, படிப்பதே சிரமமாக இருந்தது. சாலை கெட்டுக் கிடந்ததால் உன் ஏப்ரல் மாதக் கடிதங்களும் மிகத் தாமதமாகத்தான் கிடைத்தன. பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

கோரோக்கிலிருந்து வந்த பழைய சகா ஒருவர் விஷயத்தைச் சொன்னார். கோபுரம் மே முதல் வாரத்துக்குள்ளாகவே போய்விட்டதாமே! ஜூன்வரை நிற்கும் என்று செய்தித்தாளில் சொன்னவர்கள் எங்கே? மந்திரி வந்து எதைப் பார்த்தார், குட்டையையா?

அவசரமாகக் கரைந்ததற்குக் காரணங்கள் பல இருக்கலாம். கூம்பின் சரிவுக் கோணம் தவறு என்பது என் கருத்து. செய்தித்தாள் படத்திலேயே எனக்கு அது தெரிந்தது. படத்தைத் திருடலாம், படத்துக்குப் பின்னால் உள்ள கணக்கைத் திருட முடியாது. இதையெல்லாம் விவரமாக எழுதி மேலிடத்துக்கு ஒரு மனு அனுப்பியிருக்கிறேன். தகுதியில்லாதவர்கள் கையில் பொறுப்பைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்பதை யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும்.

பார்லி எப்படி இருக்கிறது?

அண்ணன்,
அக்னசார்


ரவ்சோர்
ஜூன் 30

அண்ணனுக்கு,

பார்லி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். விரல் உயரம் வந்து வெளுத்துவிட்டது. நிகினா ஒரு கைப்பிடி பிடுங்கிப் பார்த்தாள், வேர் தூசியாக வந்தது. கன்றை அதில் மேயவிட்டோம். அதற்கும் வயிறு நிறையவில்லை.

கோணமா, அண்ணா?

நடந்ததைச் சொல்கிறேன். உனக்குக் கடைசிக் கடிதம் எழுதிய மறுநாள் கூடைகளோடு எல்லோரும் சரிவுக்கு வந்துவிட்டார்கள். ஹிம்மத்ஷோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றான்.

"அக்கா, வேணாம். இது வயல் இல்ல. கால்ல விழறேன்."

"நீ எந்த வருஷம்டா பார்லி விதைச்சே?" என்றாள் குல்பேகிம். "அக்னசார் பனியப் படிச்சவன். கூடாதுன்னா ஓடி வந்து சொல்லியிருப்பான். அவன் தங்கச்சி ரெண்டு தடவை எழுதிட்டா. வாயத் தொறக்கலைன்னா என்ன அர்த்தம்? தாராளமா தூவுங்கன்னுதான் அர்த்தம். சொந்தத் தங்கச்சி வயலு காயட்டும்னு எந்த அண்ணனாவது சும்மா இருப்பானா?"

நானும் தூவினேன். நம் வீட்டு அடுப்புச் சாம்பல்தான், அம்மாவின் கூடைதான். ஆண்கள் ஏணி போட்டு உச்சிவரை தூவினார்கள். மாலைக்குள் கோபுரம் கழுதை நிறமாகிவிட்டது. மறுநாளிலிருந்து வெயில் அடித்தது பார், எங்கே இருந்ததோ அந்த வெயில்! தண்ணீர் சலசலவென்று இறங்கியது. உன் மாப்பிள்ளை ரபாபை எடுத்து வாசித்தார். குழந்தைகள் ஓடையில் குதித்தார்கள். ஹிம்மத்ஷோவும் நாலு பேரும் மட்டும் மண்வெட்டியோடு அணை கட்டிக்கொண்டே இருந்தார்கள். எதில் நிற்கும் அவ்வளவு தண்ணீர்? விதை இன்னும் வீட்டில் மூட்டையில் இருந்தது. தண்ணீர் வயலைத் தாண்டி ஆற்றுக்குப் போய்விட்டது. நாங்கள் விதைத்து முடித்தபோது அந்தச் சரிவில் ஈரமான பாப்ளர் கிளைகள்தான் இருந்தன.

விசாரணைக்கு வந்தார்கள். உன் மனுவையும் கையில் கொண்டுவந்திருந்தார்கள். தன் கணக்கில்தான் பிழை என்று ஹிம்மத்ஷோ எழுதிக் கொடுத்துவிட்டான். வேலை போய்விட்டது.

"ஏன்டா அப்படி எழுதினே?" என்று கேட்டேன்.

"சாம்பல்னு சொன்னா உங்க மேல வரும், அக்கா. தடுத்தும் கேக்காம அரசாங்க வேலைய நாசம் பண்ணிட்டாங்கன்னு குல்பேகிம் அக்காவ இழுத்துக்கிட்டுப் போவாங்க. கணக்குப் பிழைன்னா நான் ஒருத்தன்தான். அண்ணனே எழுதிக் குடுத்துட்டாரு, நான் ஒத்துக்கிட்டேன், அவ்வளவுதான்."

ஆகஸ்டில் லாரி வருகிறது. கீழ்த்தெரு முழுக்கப் பட்டியலில் இருக்கிறது.

உன் கடிதத்தில் சாம்பல் என்ற வார்த்தையைத் தேடினேன். நானும் இரண்டு தடவை படித்தேன். சாலை மார்ச்சிலிருந்து நன்றாகத்தான் இருக்கிறது என்கிறான் ஜுமாகான். ஆனாலும் கடிதம் தாமதமாகத்தான் கிடைத்தது என்று நீ சொல்வதால் அப்படியே வைத்துக்கொள்கிறேன். வேறு எதையாவது நம்பினால் என்னால் இந்த வீட்டை விட்டு நடந்து லாரி வரைக்கும் போக முடியாது.

சவ்சான்


துஷான்பே
செப்டம்பர் 14

அன்புத் தங்கை சவ்சானுக்கு, மௌலா அலி மதத்.

சமவெளியில் எல்லோரும் சுகமாகச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். புது இடம் பழகக் கொஞ்ச நாள் ஆகும். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். வெயில் நேரத்தில் நிகினாவை வெளியே விடாதே. என் கண் இப்போது தேவலை. உன் ஜூன் மாதக் கடிதம் கிடைத்தது. எழுதியிருந்த விஷயங்களைக் குறித்துக்கொண்டேன்.

உனக்கு மகிழ்ச்சியான செய்தி ஒன்று. என் மனுவைப் படித்துவிட்டு மேலிடத்தில் கூப்பிட்டுப் பேசினார்கள். மேல்தெரு வீடுகளும் பக்கத்துப் பள்ளத்தாக்கில் சில ஊர்களும் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு இந்தக் குளிர்காலத்தில் கோபுரங்கள் கட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் கழித்து! அன்று செர்ரிப் பழம் கேட்டவர் ஓய்வு பெற்றுவிட்டார், பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஊர்மக்களுக்காக விதிமுறைகள் எழுதி அச்சடித்திருக்கிறேன். ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் விதி: "கோபுரத்தின்மேல் சாம்பலோ மண்ணோ எந்தக் காரணம் கொண்டும் தூவக் கூடாது." எளிமையாக, யாருக்கும் புரிகிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

நவம்பர் முதல் ரவ்சோரில் இருக்கவேண்டும். தங்க வேறு இடமில்லை. உன் வீடு சும்மாதானே கிடக்கிறது? சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுது.

அண்ணன்,
அக்னசார்


சமவெளிக் குடியிருப்பு
அக்டோபர் 21

மதிப்பிற்குரிய அண்ணன் அக்னசார் அவர்களுக்கு,

நலம். உங்கள் நலம் அறிந்தோம்.

உங்கள் விதிமுறைகளை நிகினா உரக்கப் படித்தாள். முதல் விதியைப் படித்ததும் உங்கள் மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். மற்றதை அவர் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவர் அதிகம் பேசுவதில்லை, கேலியும் இல்லை. ஆகஸ்ட் வெயிலில் இரண்டு முறை வயலில் விழுந்தார். ரபாபை இங்கே கொண்டுவந்தோம், தோல் காய்ந்து பிளந்துவிட்டது. நிகினா பள்ளிக்கூடம் விட்டதும் எங்களோடு பருத்தி எடுக்கிறாள். குல்பேகிம் வந்த மாதமே படுக்கையில் விழுந்தாள். இன்னும் எழவில்லை. அவளுக்கு அந்தத் தாளைப் படித்துக் காட்ட வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

இங்கே தண்ணீருக்குக் குறையில்லை. கால்வாய் நிறைய ஓடுகிறது, வெதுவெதுப்பாக இருக்கிறது. குடித்தால் தாகம் போவதில்லை.

எளிமையாக இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. சின்னப் பெண்ணுக்கும் புரிந்தது.

பசு இந்த வெயிலைத் தாங்காது என்று அதையும் கன்றையும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம். ஹிம்மத்ஷோ பார்த்துக்கொள்கிறான். வேலை போனபிறகும் அவன் கோரோக்குக்குத் திரும்பவில்லை. நம் வைக்கோல் கொட்டகையிலேயே இருக்கிறான். புதைத்த குழாய்களைத் தோண்டி எடுத்து அடுக்குகிறானாம், ஜுமாகான் வந்தபோது சொன்னான்.

வீட்டுச் சாவியும் அவனிடம்தான் இருக்கிறது. நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டால் கொடுப்பான். நேரில் கேட்கச் சங்கடமாக இருந்தால் எழுதிக் கேளுங்கள்.

ஒரு வரி போதும்.

சவ்சான்